பரலோகமும் ஆவிக்குரிய ஆசீர்வாதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்து கிளம்பும்போதுதான் உண்மையான கேள்வி வரும். நடுவில் கேட்கக் கூச்சப்பட்டு, வாசலில் நிறுத்திக் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். வசனங்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து வருகின்றன. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பின் சொற்களையும் தேவைப்பட்ட இடத்தில் தந்திருக்கிறேன்.

பரலோகம்னா வானத்துக்கு மேல இருக்கிற ஒரு இடம்தானே?

வேதம் அப்படித்தான் பேசுகிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதில்லை. எபிரெயத்தில் 'ஷாமயிம்' என்ற ஒரே சொல்தான் பறவை பறக்கும் வெளிக்கும், நட்சத்திரங்கள் இருக்கும் வெளிக்கும், தேவனுடைய சிங்காசனம் இருக்கும் இடத்துக்கும் வருகிறது. கிரேக்கத்தில் 'ஊரானோஸ்' என்ற சொல்லும் அதே மாதிரி. "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்று முதல் வசனமே சொல்வதால், வானமும் படைக்கப்பட்ட ஒன்றுதான். படைத்தவர் அதற்குள் அடங்கிவிட முடியாது. சாலொமோன் ஆலயத்தைக் கட்டி முடித்துச் செய்த ஜெபத்தில் "வானங்களும், வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே" என்று ஒத்துக்கொள்கிறார் (1 இராஜாக்கள் 8:27).

'மேலே' என்ற சொல்லுக்கு நம்மிடமும் இரண்டு அர்த்தம் உண்டு. மேலிடத்து உத்தரவு என்றால் மாடியிலிருந்து வந்த உத்தரவு என்று யாரும் நினைப்பதில்லை. வேதம் பரலோகத்தை மேலே வைப்பதில் பாதிக்கு மேல் இந்த அர்த்தம்தான். அங்கேயிருந்து ஆளுகை நடக்கிறது.

வானம், பரலோகம், பரமண்டலம், உன்னதம், விண்ணகம்... எல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். 9-ஆம் வசனத்தில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே". 20-ஆம் வசனத்தில் "பரலோகத்திலே" பொக்கிஷம் சேர்க்கச் சொல்கிறார். 26-ஆம் வசனத்தில் "ஆகாயத்துப் பட்சிகள்". தமிழில் மூன்று சொற்கள், கிரேக்கத்தில் மூன்றும் அதே ஊரானோஸ். மொழிபெயர்த்தவர்கள் இடத்துக்குத் தக்கபடி பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்சி பறக்கும் வெளியும் பிதா இருக்கும் இடமும் ஒரே சொல்லால் சொல்லப்பட்டன என்பது தமிழில் வாசிக்கிறவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. பொது மொழிபெயர்ப்பில் வரும் விண்ணகமும் இதே சொல்தான்.

'உன்னதங்கள்' கொஞ்சம் வேறு. எபேசியர் நிருபத்தில் மட்டும் ஐந்து இடங்களில் 'எப்பூரானியோஸ்' என்ற தொடர்புள்ள சொல் வருகிறது: 1:3, 1:20, 2:6, 3:10, 6:12. முதல் நான்கில் பழைய மொழிபெயர்ப்பு "உன்னதங்கள்" என்கிறது. ஐந்தாவதில், பொல்லாத ஆவிகளின் சேனைகளோடு போராட்டம் என்று வரும் இடத்தில், "வானமண்டலங்கள்" என்று மாற்றிவிட்டார்கள். பொல்லாத ஆவிகளை உன்னதத்தில் வைக்க மனம் வரவில்லையோ என்னவோ! பவுல் எழுதியதில் எல்லாம் ஒரே சொல். ஆசீர்வாதம் கிடைக்கும் அதே களத்தில்தான் போராட்டமும் நடக்கிறது என்பது அவருடைய வாதம். பின்னால் ஆசீர்வாதத்தைப் பற்றிய கேள்விகளுக்கு இது உதவும், நினைவில் வையுங்கள்.

பவுல் மூன்றாம் வானம் வரைக்கும் போனார்னு இருக்கே. மொத்தம் எத்தனை வானம்?

2 கொரிந்தியர் 12-இல் வருகிறது. பதினாலு வருஷத்துக்கு முன்னே ஒரு மனுஷன் மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டான் என்று, தன்னைப் பற்றியே வேறு ஆளைப் போலச் சொல்கிறார். காற்று வெளி ஒன்று, நட்சத்திர வெளி இரண்டு, தேவன் இருக்கும் இடம் மூன்று என்று எண்ணுவது ஒரு பழைய விளக்கம். அக்கால யூத நூல்கள் சிலவற்றில் ஏழு வானங்கள் உண்டு. வேதம் எங்கேயும் உட்கார்ந்து எண்ணிக் காட்டவில்லை.

எனக்கு இதில் பிடித்தது வேறு. அங்கே கேட்டதை மனுஷர் பேசக்கூடாத வாக்கியங்கள் என்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறார். பரலோகம் போய்வந்தேன் என்று பக்கம் பக்கமாக வர்ணிக்கிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த மௌனம்தான் ஞாபகத்துக்கு வரும்.

பரலோகராஜ்யம்னா செத்த பிறகு போற இடம், சரியா?

சரியில்லை. ஆனால் மிகச் சாதாரணமாக நடக்கும் குழப்பம். 'பரலோகராஜ்யம்' என்ற தொடர் மத்தேயுவில் மட்டும் முப்பது தடவைக்கு மேல் வருகிறது, மற்ற சுவிசேஷங்களில் வருவதேயில்லை. இயேசுவின் முதல் பிரசங்கத்தை மாற்கு "தேவனுடைய ராஜ்யம்" சமீபமாயிற்று என்று எழுத, மத்தேயு அதையே "பரலோகராஜ்யம்" சமீபித்திருக்கிறது என்று எழுதுகிறார். இரண்டும் ஒன்றே. தேவனுடைய பெயரை நேராக உச்சரிக்கத் தயங்கி 'பரம்' என்று சொல்வது யூத வழக்கம். லூக்கா 15-இல் ஊதாரி மகன் "பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்" என்கிறானே, அங்கே பரம் என்றால் தேவன்தான்.

அப்புறம், அந்த ராஜ்யத்துக்குச் சொன்ன உவமைகளைப் பாருங்கள்: நிலத்தில் விதைத்த கடுகு, மாவில் அடக்கிவைத்த புளித்த மா, கடலில் போட்ட வலை. எல்லாம் இங்கே, இந்த மண்ணில் நடப்பவை. பொது மொழிபெயர்ப்பின் 'விண்ணரசு' என்ற சொல் இதற்கு இன்னும் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். இடத்தைவிட ஆட்சியைத்தான் அது நினைவுபடுத்துகிறது.

பழைய ஏற்பாட்டுல யாருமே பரலோகம் போகணும்னு ஜெபிச்ச மாதிரி தெரியலையே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். இறந்தவர்கள், நல்லவர் கெட்டவர் எல்லாரும், 'ஷேயோல்' என்ற இடத்துக்கு இறங்குகிறார்கள். நம் வேதத்தில் அதைப் 'பாதாளம்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். யாக்கோபும் தான் அங்கே இறங்குவதாகத்தான் சொல்கிறார். சாகாமலே எடுத்துக்கொள்ளப்பட்ட ஏனோக்கும் எலியாவும் விதிவிலக்கு. சங்கீதம் 115:16 இன்னும் வெளிப்படை: வானங்கள் கர்த்தருடையவை, பூமியை மனுபுத்திரருக்குக் கொடுத்தார்.

அவர்களுடைய நம்பிக்கை மேலே போவதில் இல்லை, எழுந்திருப்பதில் இருந்தது. அதுவும் மெல்ல மெல்லத்தான் தெளிவாகிறது. தானியேல் 12:2-இல், பூமியின் தூளிலே நித்திரை பண்ணுகிறவர்கள் விழிப்பார்கள் என்று வரும்போது அது நேரடியாக வெளிவருகிறது.

பரதீசு வேற, பரலோகம் வேறயா? சிலுவையில இருந்த கள்ளன் எங்கே போனான்?

'பரதீசு' பழைய பாரசீகத்திலிருந்து வந்த சொல், சுற்றுச்சுவர் எழுப்பிய தோட்டம் என்று பொருள். எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ஏதேன் தோட்டத்துக்கு இதைப் போட்டார்கள். புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்கள்: கள்ளனிடம் சொன்னது (லூக்கா 23:43), பவுல் மூன்றாம் வானத்தைப் பற்றிச் சொன்னது (2 கொரிந்தியர் 12:4), ஜீவவிருட்சம் இருக்கும் இடம் (வெளிப்படுத்தல் 2:7). பொது மொழிபெயர்ப்பில் லூக்காவில் 'பேரின்ப வீடு' என்று வரும்.

கள்ளனுக்குக் கிடைத்த பதிலில் 'இன்றைக்கு' என்ற சொல்லை எங்கே சேர்ப்பது என்று ஒரு சண்டை உண்டு. "இன்றைக்குச் சொல்லுகிறேன்" என்பதா, "இன்றைக்கு இருப்பாய்" என்பதா? பழைய கிரேக்கப் பிரதிகளில் நிறுத்தற்குறி சரியாகக் கிடையாது. ஆனால் "மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்று இயேசு பேசும் மற்ற இடங்களில் அது தனியாக நிற்கும் முன்னுரை, காலச்சொல் அதில் ஒட்டுவதில்லை. ஆகவே பெரும்பாலான மொழிபெயர்ப்புகள் இரண்டாவதைத்தான் எடுக்கின்றன. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அந்த வசனத்தில் பரதீசைவிட எடை கூடிய சொல் "என்னுடனேகூட" என்பது.

செத்த உடனே பரலோகமா, இல்ல கடைசி நாள் வரைக்கும் காத்திருக்கணுமா?

சபைகள் பிரிந்து நிற்கும் இடம் இது. வேதத்திலும் இரண்டு குரல் கேட்கிறது. தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடிருக்க ஆசை என்கிறார் பவுல் (பிலிப்பியர் 1:23). அவரே மரித்தவர்களை "நித்திரையடைந்தவர்கள்" என்று சொல்லி, எக்காளம் தொனிக்கும் நாளுக்காகக் காத்திருக்கச் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 4).

சுத்திகரிக்கப்பட்ட ஆத்துமாக்கள் உயிர்த்தெழுதலுக்கு முன்பே தேவனை நேருக்கு நேர் காண்கின்றன என்று பன்னிரண்டாம் பெனடிக்ட் போப் 1336-இல் அறிவித்தார், அதுவே கத்தோலிக்கப் போதனை. சுத்திகரிப்பு முடியாதவர்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்றும் அவர்கள் நம்புகிறார்கள். சீர்திருத்த சபைகள் அதை ஏற்பதில்லை, விசுவாசி உடனே கர்த்தரிடம் சேருகிறான் என்கின்றன. அட்வென்டிஸ்டுகள் இறந்தவர் உயிர்த்தெழும்வரை உணர்வில்லாமல் தூங்குகிறார் என்கிறார்கள். மூவரும் ஒத்துக்கொள்வது ஒன்று உண்டு: இது இடைக்கால நிலை. கதை அங்கே முடியவில்லை.

அப்போ கடைசியில நாம மேல போறோமா இல்லையா?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் பேரை முகம் சுளிக்க வைப்பதும் இந்தக் கேள்விக்கான பதில்தான். வேதத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களில் யாரும் மேலே போவதில்லை. நகரம் கீழே வருகிறது. "புதிய எருசலேமாகிய பரிசுத்த நகரத்தை தேவனிடத்தினின்று பரலோகத்தைவிட்டு இறங்கிவரக்கண்டேன்" என்கிறார் யோவான் (வெளிப்படுத்தல் 21:2). அடுத்த வசனத்தில், மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலம் இருக்கிறது என்று ஒரு சத்தம் கேட்கிறது. வீடு மாறுகிறவர் தேவன்! ஏசாயா 65:17-உம் 2 பேதுரு 3:13-உம் புதிய வானத்தோடு புதிய பூமியையும் சேர்த்தே சொல்கின்றன.

'அப்படியானால் மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று இருக்கிறதே' என்பார்கள். 1 தெசலோனிக்கேயர் 4:17-ஐச் சொல்கிறார்கள். அங்கே 'எதிர்கொண்டுபோக' என்பதற்கு வரும் கிரேக்கச் சொல் அப்போஸ்தலர் 28:15-இலும் வருகிறது. பவுல் ரோமாபுரிக்கு வருகிறார் என்று கேள்விப்பட்ட சகோதரர்கள் மூன்றுசத்திரம்வரை வந்து அவரை எதிர்கொண்டு, அவரோடு ஊருக்குத் திரும்புகிறார்கள். வருகிறவரை வழியிலேயே சந்தித்து அழைத்துவருவது. மேகத்தில் சந்திப்பதும் அப்படித்தான் என்று பல வேத அறிஞர்கள் வாசிக்கிறார்கள். இயேசு முதலில் மறைவாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போவார் என்ற இரகசிய வருகையை நம்பும் சபைகள் இதை ஒத்துக்கொள்வதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தினமும் ஜெபிக்கிற ஜெபத்திலேயே திசை இருக்கிறது: உம்முடைய ராஜ்யம் வருவதாக. நாங்கள் அங்கே வருவோமாக என்று அதில் ஒரு வரியும் இல்லை.

தங்க வீதி, முத்து வாசல் எல்லாம் நிஜமாவே அப்படியே இருக்குமா?

அளவுகளைப் பாருங்கள், பதில் கிடைக்கும். நகரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம், ஒவ்வொன்றும் 12,000 ஸ்தாதி. சுமார் 2,200 கிலோமீட்டர் உயரமுள்ள கனசதுரம்! வேதத்தில் இதற்கு முன் கனசதுரமாக வருவது ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம். சாலொமோனின் ஆலயத்தில் அது இருபது முழ நீளம், இருபது முழ அகலம், இருபது முழ உயரம் (1 இராஜாக்கள் 6:20). பிரதான ஆசாரியன் ஒருவர் மட்டும், வருஷத்துக்கு ஒரே நாள் நுழைந்த அறை அது. இப்போது ஊரே அந்த அறை. அதனால்தான் "அதிலே தேவாலயத்தை நான் காணவில்லை" என்று யோவான் எழுதுகிறார். தங்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

வாசலில் பேதுரு சாவியோடு நிற்பதாகச் சொல்லும் நகைச்சுவைகளுக்கு மத்தேயு 16:19 தவிர ஆதாரமில்லை. வெளிப்படுத்தலில் வாசல்களில் நிற்பவர்கள் பன்னிரண்டு தூதர்கள், வாசல்கள் அடைக்கப்படுவதும் இல்லை. அப்போஸ்தலர்களின் பெயர்கள் அஸ்திபாரக் கற்களில் இருக்கின்றன.

எனக்கு அங்கே மாளிகை ரெடியா இருக்குன்னு சொல்றாங்களே?

யோவான் 14:2-இல் இருக்கும் சொல் "வாசஸ்தலங்கள்", கிரேக்கத்தில் 'மோனே'. தங்குமிடம், அவ்வளவுதான். அதே சொல் புதிய ஏற்பாட்டில் இன்னொரே ஒரு இடத்தில் வருகிறது, அதே அதிகாரம் 23-ஆம் வசனத்தில். என்னில் அன்பாயிருக்கிறவனிடத்தில் நானும் பிதாவும் வந்து வாசம்பண்ணுவோம் என்கிறார் இயேசு. இங்கேயும் தேவனே நம்மிடம் குடிவருகிறார்.

என் வீட்டுக்காரி அங்கேயும் என் மனைவியா இருப்பாளா?

மனைவியை இழந்த ஒரு பெரியவர் கேட்டது. மாற்கு 12:25-ஐ, உயிர்த்தெழும்போது கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை என்பதை, அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த வசனம் வந்த சூழலைச் சொன்னேன். உயிர்த்தெழுதலே இல்லை என்று சொல்லும் சதுசேயர், ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண்ணைக் காட்டி மடக்கப் பார்க்கிறார்கள். செத்த அண்ணனுக்கு வாரிசு உண்டாக்கத் தம்பி மணக்கும் சட்டம் அது. லூக்கா 20:36-இல் இயேசு காரணத்தையும் சொல்கிறார்: அவர்கள் இனி மரிப்பதில்லை. சாவே இல்லாத இடத்தில் வாரிசுக்கான ஏற்பாடு எதற்கு? அன்பு அழிந்துபோகும் என்று அவர் சொல்லவில்லை.

அடையாளம் தெரியுமா என்றால், உயிர்த்தெழுந்த இயேசுவைத்தான் மாதிரியாக வைக்க வேண்டும். மகதலேனா மரியாள் தன் பெயரைக் கூப்பிட்ட குரலில் அறிந்தாள், எம்மாவூருக்குப் போன சீஷர்கள் அப்பம் பிட்ட விதத்தில் அறிந்தார்கள், தோமா தழும்புகளில். பார்த்தவுடனே யாருக்கும் பிடிபடவில்லை, ஆனால் அவரேதான்.

செத்தவங்க தேவதூதர் ஆயிடுவாங்களா?

இல்லை. மேலே சொன்ன பகுதியில் "தூதரைப்போல்" என்றுதான் இருக்கிறது, அதுவும் மணம் செய்வதைப் பற்றி மட்டும். 1 கொரிந்தியர் 6:3-இல் நாம் தூதர்களை நியாயந்தீர்ப்போம் என்கிறார் பவுல். சிறகுக்கு வேலை இல்லை.

1,44,000 பேருக்குத்தான் இடமாமே?

வெளிப்படுத்தல் 7-இல் கோத்திரத்துக்குப் பன்னீராயிரமாக அந்த எண் வருகிறது. தாண் கோத்திரம் பட்டியலில் இல்லவே இல்லை என்பதே அது வெறும் தலைக்கணக்கு அல்ல என்று காட்டுகிறது. 9-ஆம் வசனம்வரை பொறுமையாக வாசித்தால், ஒருவனும் எண்ணக்கூடாத திரளான கூட்டம் நிற்கும். 1,44,000 என்று யோவான் காதால் கேட்கிறார், கண்ணால் பார்ப்பது எண்ண முடியாத கூட்டத்தை.

'ஆவிக்குரிய ஆசீர்வாதம்'னு எப்பவும் ஜெபிக்கிறாங்க. அதுல என்னதான் கிடைக்குது?

இந்தத் தொடர் எபேசியர் 1:3-இல் வருகிறது. அங்கேயிருந்து 14-ஆம் வசனம்வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம், மூச்சு விடாமல் ஓடுகிறது. என்ன கிடைத்தது என்ற விவரமும் அதற்குள்ளேயே இருக்கிறது: தெரிந்துகொள்ளப்பட்டது, பிள்ளைகளாகச் சுவிகாரம் எடுக்கப்பட்டது, மீட்பு, பாவமன்னிப்பு, தேவ சித்தத்தின் இரகசியம் தெரிவிக்கப்பட்டது, சுதந்தரம், பரிசுத்த ஆவியின் முத்திரை. ஆனால் காலத்தைக் கவனிக்க வேண்டும். ஆசீர்வதிப்பார் என்று இல்லை, "ஆசீர்வதித்திருக்கிறார்" என்று இருக்கிறது. ஏற்கெனவே கையில் இருப்பதைத் தரச்சொல்லி நாம் வாராவாரம் கேட்டுக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

'ஆவிக்குரிய' என்றால் கண்ணுக்குத் தெரியாத, தொட முடியாத என்று எடுத்துக்கொள்கிறார்கள். பவுலுக்கு அந்தச் சொல் பரிசுத்த ஆவியானவரிடமிருந்து வருவதைக் குறிக்கும். 1 கொரிந்தியர் 15:44-இல் "ஆவிக்குரிய சரீரம்" என்கிறார், அதுவும் சரீரம்தான். கலாத்தியர் 3:14 இதைத் தெளிவாக்குகிறது: ஆபிரகாமுக்கு உண்டான ஆசீர்வாதம் புறஜாதிகளுக்கு வருவதையும், ஆவியைக் குறித்த வாக்குத்தத்தத்தை நாம் பெறுவதையும் ஒரே மூச்சில் சொல்கிறார்.

இன்னும் பின்னால் போனால் எண்ணாகமம் 6:24-26. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, காத்து, தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப்பண்ணி என்று ஆசாரியர் சொல்லும் ஆசீர்வாதம், எபிரெயத்தில் பதினைந்தே சொற்கள். எருசலேமில் கேத்தேப் இன்னோம் என்ற இடத்துக் கல்லறையில் 1979-இல் கிடைத்த இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்களில் இதன் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. கிறிஸ்துவுக்குச் சுமார் 600 ஆண்டுகளுக்கு முந்தியவை அவை, வேத வசனம் எழுதப்பட்டதில் நமக்குக் கிடைத்த மிகப் பழையது அதுதான். அந்த ஆசீர்வாதத்தில் இருப்பவை முகமும் சமாதானமும். அடுத்த வசனம், என் நாமத்தை அவர்கள்மேல் கூறுங்கள் என்கிறது. இப்போது வெளிப்படுத்தல் 22:4-ஐத் திறந்து பாருங்கள்: "அவருடைய சமுகத்தைத் தரிசிப்பார்கள், அவருடைய நாமம் அவர்களுடைய நெற்றிகளில் இருக்கும்." அதே முகம், அதே நாமம். ஆசீர்வாதத்தையும் பரலோகத்தையும் இரண்டு தலைப்பாக நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம்.

பாக்கியமும் ஆசீர்வாதமும் ஒண்ணுதானே?

இந்த விஷயத்தில் தமிழ் வேதம் நமக்கு நல்லது செய்திருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் உண்டு, தமிழிலும் இரண்டு. ஆசீர்வாதம் ஒருவர் இன்னொருவர்மேல் கூறுவது, 'நல்ல வார்த்தை' என்பதே அந்தக் கிரேக்கச் சொல்லின் அமைப்பு. பாக்கியம் ஒருவருடைய நிலை. மலைப் பிரசங்கத்தில் வருவது இரண்டாவது, பொது மொழிபெயர்ப்பில் 'பேறுபெற்றோர்'. துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று சொல்லும்போது இயேசு அவர்களுக்கு வாழ்த்துக் கூறவில்லை, அவர்கள் இருக்கும் நிலையை அறிவிக்கிறார்.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் மறைத்துவிட்டது. எபேசியர் 1:3-இன் தொடக்கத்தில் தேவனுக்கு "ஸ்தோத்திரம்" என்று வருகிறதே, அதுவும் ஆசீர்வாதம் என்பதன் வேர்ச்சொல்தான். நம்மை நல்ல வார்த்தையால் வாழ்த்தியவரை நாமும் நல்ல வார்த்தையால் வாழ்த்துகிறோம்.

உபாகமம் 28-ல கூடை, மா பிசையிற தொட்டி, ஆடு மாடு எல்லாம் ஆசீர்வாதம்னு இருக்கே. அது நமக்கு இல்லையா?

அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள். ஆசீர்வாதம் 14 வசனம், மீதி 54 வசனமும் சாபம். முதல் பகுதியை வீட்டுச் சுவரில் மாட்டுகிறவர்கள் இரண்டாம் பகுதியை வாசிப்பதில்லை. அது ஒரு ஜனத்தோடு, ஒரு தேசத்தில், நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்படிவதை வைத்துச் செய்த உடன்படிக்கை. அதிலிருந்து நல்ல வசனங்களை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்காகச் சோறும் சுகமும் தேவனுக்குச் சம்பந்தமில்லாதவை என்று சொல்லவில்லை. அன்றாட ஆகாரத்துக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர் இயேசுதான். ரோமர் 15:27-இல் ஆவிக்குரிய நன்மைகளைப் பெற்றவர்கள் சரீர நன்மைகளால் மற்றவர்களுக்கு உதவக் கடனாளிகள் என்கிறார் பவுல். ஆவிக்குரிய ஆசீர்வாதம் பையிலிருந்து பணத்தை வெளியே எடுக்க வைக்கிறது!

தசமபாகம் கொடுத்தா வானத்தின் பலகணி திறக்கும்னு மல்கியாவுல இருக்கே?

மல்கியா 3:10. பலகணி என்பதற்கு எபிரெயத்தில் வரும் சொல் ஜலப்பிரளயத்தில் வானத்தின் மதகுகள் திறந்தன என்று ஆதியாகமம் 7:11-இல் வருவதுதான். மழை! அடுத்த வசனம் பயிரை அழிப்பவற்றைப் பற்றியும் திராட்சைக்கொடியைப் பற்றியும் பேசுகிறது. விவசாயிகளுக்குச் சொன்னது. அந்தத் தசமபாகம், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, ஆலயத்தின் பண்டசாலைக்குப் போன தானியம். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் (உபாகமம் 14:29). மல்கியாவின் அதே அதிகாரம் 5-ஆம் வசனத்தில் கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்களைத் தேவன் கண்டிக்கிறார். இத்தனையையும் சேர்த்து வாசித்தால், காணிக்கை போட்டால் பத்து மடங்கு திரும்பும் என்ற கணக்கு வரவே வராது.

எல்லாம் ஏற்கெனவே கொடுத்துட்டார்னா, ஏன் இன்னும் வியாதி, கடன், அழுகை?

நேர்மையான கேள்வி. பவுல் இதற்கு வியாபாரச் சொல் ஒன்றை வைக்கிறார்: அச்சாரம். ஆவியானவர் "நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரம்" (எபேசியர் 1:14). கிரேக்கத்தில் 'அர்ராபோன்', செமித்திய மொழியிலிருந்து போன சொல். யூதா தாமாரிடம் முத்திரை மோதிரத்தையும் கோலையும் அடைமானமாக விட்டுப்போனாரே, அங்கே வருவது இதன் எபிரெய வடிவம். அச்சாரம் கொடுத்தாகிவிட்டது என்றால் பேரம் உறுதி, கொடுத்தது நிஜப் பணம், ஆனால் சொத்து இன்னும் கைக்கு வரவில்லை. அந்த இடைவெளியில்தான் நாம் வாழ்கிறோம்.

'உன்னதங்களில்' என்ற சொல் ஐந்து இடங்களில் வருகிறது என்று முன்பே சொன்னேன். 2:6-இல் நாம் அங்கே கிறிஸ்துவோடு உட்கார்ந்திருக்கிறோம், 6:12-இல் அங்கேதான் போராடுகிறோம். எழுதும் கையிலோ சங்கிலி (6:20). ஆசீர்வதிக்கப்பட்டவனுக்குக் கஷ்டம் வராது என்று அந்தக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது.

பரலோகத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரியா, இல்ல கிரீடம் கூடக்குறைய இருக்குமா?

இரண்டுக்கும் வசனம் உண்டு. திராட்சைத்தோட்டத்தில் கடைசி மணிநேரம் வந்தவனுக்கும் அதே ஒரு பணம் கூலி (மத்தேயு 20). ஆனால் 1 கொரிந்தியர் 3-இல் ஒருவன் கட்டியது நெருப்பில் நிற்கும், இன்னொருவன் கட்டியது வெந்துபோய் அவன் மட்டும் தப்புவான். கிரீடம் என்பது ராஜாவின் மணிமுடி இல்லை, ஓட்டத்தில் ஜெயித்தவனுக்குப் போடும் இலைமாலையைக் குறிக்கும் சொல். வெளிப்படுத்தல் 4:10-இல் இருபத்துநான்கு மூப்பர்களும் அதைக் கழற்றிச் சிங்காசனத்துக்கு முன்பாக வைத்துவிடுகிறார்கள். யாருடையது பெரியது என்று அளந்து பார்க்க அங்கே நேரமில்லை.

சுவிசேஷமே கேட்காம செத்துப்போன நல்லவங்க கதி?

"என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்பது யோவான் 14:6. நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயத்தில் அதன் கிரியை எழுதியிருக்கிறது என்பது ரோமர் 2:15. சிலர் முதலாவதை வைத்துக் கதவை மூடுகிறார்கள். கத்தோலிக்க சபை 1964-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாமல், உண்மை மனதோடு தேவனைத் தேடுகிறவர்களும் இரட்சிப்பு அடையலாம் என்று அறிவித்தது. சீர்திருத்த சபைகளில் இரண்டு கருத்தும் உண்டு.

இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ என்று ஒருவன் இயேசுவிடம் நேராகவே கேட்டான் (லூக்கா 13:23). எண்ணிக்கை சொல்லவில்லை. நீங்கள் இடுக்கமான வாசல்வழியாய் நுழையப் பாருங்கள் என்று கேட்டவன் பக்கமே திருப்பிவிட்டார். நான் இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் போவதில்லை.

எனக்குப் பிரியமானவங்க அங்க இல்லைன்னா, எனக்கு அது எப்படிப் பரலோகமா இருக்கும்?

இதற்குத் தயாரான பதில் வைத்திருக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். அங்கே போனால் எல்லாம் மறந்துவிடும் என்று சொல்வார்கள். அப்படி ஒரு வசனம் இதற்காக இல்லை. முந்தினவைகள் நினைக்கப்படாது என்று ஏசாயா 65:17-இல் இருப்பது முந்தின இக்கட்டுகளைப் பற்றி, அதற்கு முந்தின வசனம் அதைச் சொல்கிறது.

பவுலுக்கே இந்த வேதனை இருந்தது. தன் இனத்தாருக்காகத் தானே கிறிஸ்துவை விட்டுச் சபிக்கப்பட்டவனாகப் போகவும் தயார் என்கிறார் (ரோமர் 9:3). எட்டாம் அதிகாரத்தில், எதுவும் நம்மைப் பிரிக்காது என்று பாடி முடித்த கையோடு எழுதியது அது. மூன்று அதிகாரம் மல்லாடிவிட்டு, அவருடைய நியாயத்தீர்ப்புகள் ஆராயப்படாதவை என்ற இடத்தில் நிறுத்துகிறார்.

வெளிப்படுத்தல் 21:4-இல் தேவன் அவர்களுடைய கண்ணீர் யாவையும் துடைப்பார் என்று இருக்கிறது. நகரம் இறங்கிவந்த பிறகு நடப்பது அது. அங்கே நிற்கிறவர்கள் கண்ணீரோடுதான் வந்திருக்கிறார்கள், துடைப்பதை அவர் தூதர்களிடம் விடவில்லை.